யார் கத்துகிறார்கள் பார்ப்போம்

கிளினிக்குகளில் முன்பதிவு செய்தவர்களுக்கு நேரத்தை நினைவூட்டிக் குறுஞ்செய்தி அனுப்பும் சின்னக் கம்பெனி அது. கணவனும் மனைவியுமாய்த் தொடங்கியது. கணவன் இறந்து எட்டு மாதம். மென்பொருள் வேலையை வெளி நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு, மற்றதையெல்லாம் அவள் ஒற்றையாளாக இழுத்துக்கொண்டிருந்தாள்.

சர்வர் வாடகை யானைக்குத் தீனி போட்ட கதையாகிவிட்டது. இந்த மாதம் பாதியாகக் குறைக்காவிட்டால் கம்பெனியை மூட வேண்டியதுதான். வெளி நிறுவனத்தின் மூத்த புரோகிராமர் மடிக்கணினியோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"சோதனைக்குன்னு பசங்க ஆளுக்கொரு சர்வர் வாடகைக்கு எடுத்துடறாங்கம்மா. அணைக்க ஒருத்தனுக்கும் கை வராது. ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே!"

"உங்க பசங்கதானே அண்ணே?"

"அதான் வெட்கத்தோட சொல்றேன்."

மொத்தம் பதினேழு சர்வரில் ஒன்பது யாருடையது என்றே தெரியவில்லை. அதற்கு அவர்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. அணைத்துவிட்டுக் காத்திருப்பது. எவன் கத்துகிறானோ, அது அவனுடையது. மூன்று நாள் யாரும் கத்தாவிட்டால் அழித்துவிடலாம். அவளும் தலையாட்டினாள். அன்றே ஒன்பதையும் அணைத்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் போனில் வழக்கமான செய்தி வரவில்லை.

'எழுந்தாச்சா, கும்பகர்ணி?' நினைவூட்டல் வேலை செய்கிறதா என்று பார்க்கக் கணவன் முதன்முதலில் எழுதிய வரி. பக்கத்தில் படுத்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பான். அவன் போன பிறகும் ஒருநாள் தவறியதில்லை. எங்கிருந்து வருகிறது என்று அவள் விசாரித்ததில்லை. விசாரித்தால் நின்றுவிடுமோ என்று பயம்.

இரண்டாம் நாளும் அவள் வாய் திறக்கவில்லை. கம்பெனியும் அவன் விட்டுப்போனதுதானே.

மூன்றாம் நாள் புரோகிராமர் போனில் கூப்பிட்டார். "ஒரு பயலும் கத்தலைம்மா. ஒன்பதையும் அழிச்சிடவா?"

"எட்டு," என்றாள். "ஒண்ணு என்னோடதுண்ணே." விஷயத்தைச் சொன்னாள்.

அவர் தேடிப் பார்த்தார். "ஆமா, ஒரே ஒரு நம்பருக்குத்தான் போயிட்டிருந்திருக்கு. மூணு நாளா ஏம்மா கத்தலை?"

"கத்தினா வாடகை யாரு கட்டுறது?"

"அட, அந்த வரியை மட்டும் பெரிய சர்வருக்கு மாத்திடலாமே?"

"வேண்டாம்ணே. அவர் வச்ச இடத்துலயே இருக்கட்டும்."

"சரிம்மா. ஆறு மணிக்கு முன்னாடி அதை எழுப்பிவிட்டு, அனுப்பினதும் தூங்க வச்சிடறேன். டீக்காசுகூட ஆகாது."

மறுநாள் ஐந்தரைக்கே அவளுக்கு விழிப்பு வந்துவிட்டது. போனைத் தலையணையருகே வைத்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்களை இறுக மூடி, தூங்குவதுபோல் படுத்துக்கொண்டாள்.