வாசிகசாலைத் திரையில் பெருத்த சரஸ்வதி

அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயில் வாசிகசாலைக்குப் புதிய கணினி வேண்டியதில்லை என்று கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து கூறியவன் நான். கல்லூரியில் பௌதிகம் பயின்று, பாடசாலை அதிபராக ஓய்வுபெற்றவன். எதையும் அறுதியிட்டே சொல்வேன்; என் சொல்லை எவரும் மறுப்பதில்லை. திரையில் படம் காட்டும் பழைய கிராஃபிக்ஸ் கார்டை அதைச் செய்த கம்பனி கைவிட்டாலும், நம் கணினியில் ஓடும் லினக்ஸ் இயங்குதளம் கைவிடாது என்றேன். அவ்வாறே நம்பியும் இருந்தேன்.

ஆயுதபூஜைக்கு முதல்நாள், தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்திகளைத் தீட்டியும் கொழுந்துக் கூடைகளைக் கழுவியும் எல்லாரும் கோயிலுக்குக் கொண்டுவந்தார்கள். நான் கணினியின் தூசியைத் துடைத்தேன். உள்ளேயும் சுத்தமாக இருக்கட்டும் என்றெண்ணி, தேங்கிக் கிடந்த அப்டேட்டுகள் அனைத்தையும் ஏற்றிவிட்டு அணைத்தேன்.

மறுநாள் கமிட்டித் தலைவர் கணினியைப் போட்டதும், பூசாரி அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். நான் திரை முகப்பில் படமாக வைத்திருந்த சரஸ்வதி தோன்றினாள். ஆனால் இருபுறமும் இழுபட்டு.

“என்னங்க சேர், அம்மா இப்படிப் பெருத்துட்டாங்க?” என்றார் தலைவர்.

“வீணையப் பாருங்க, தோணி மாதிரி இருக்கு. புதுசு வாங்கலாம்னு நான் அப்பவே சொன்னேன்,” என்றார் பொருளாளர் அம்மையார்.

விசைப்பலகைக்குக் கை நீட்டினேன்.

“பூஜையில வச்சத இன்னைக்குத் தொடக்கூடாதுங்க சேர்,” என்று பூசாரி தடுத்தார்.

அன்று முழுவதும் வந்தவர்களெல்லாம் அந்தச் சரஸ்வதியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வீடு திரும்பிக் கைத்தொலைபேசியில் காரணம் தேடினேன். இயங்குதளத்தின் கருவான கேர்னல் என் அப்டேட்டால் புதிதாகியிருந்தது; கார்டை இயக்கக் கம்பனி எழுதிய டிரைவர் என்ற பழைய மென்பொருள் அதனோடு பொருந்தாததால் படம் இழுபட்டிருந்தது. அதைத் திருத்துவதைக் கம்பனி எப்போதோ நிறுத்திவிட்டதாம். தன்னார்வலர்கள் எழுதிய திறந்த டிரைவர் ஒன்றும் உண்டு. இந்தக் கார்டுக்கு அது போதும் என்று இணையத்தில் எழுதியிருந்தார் ஒருவர், போதாது என்றார் இன்னொருவர். அப்படியாயின் கைவிட்டது யார்? கம்பனியா, லினக்ஸா, சுத்தம் செய்த நானா?

விஜயதசமி காலையில், கணினி ஆரம்பிக்கும்போது வரும் தெரிவுகளில் பழைய கேர்னலைத் தேர்ந்தேன். சரஸ்வதி தன் அளவுக்குத் திரும்பினாள்.

“எல்லாம் பூஜையில வச்ச பலன்!” என்று தலைவர் கும்பிட்டார். “இனி பத்து வருஷத்துக்குப் பயமில்லதானுங்களே சேர்?”

பழைய கேர்னலிலேயே நின்றால் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்து சேரா. புதியதற்குப் போனால் மீண்டும் படம் இழுபடும்.

“பார்ப்போம்,” என்றேன்.

பொருளாளர் அம்மையார் தலைவரின் பக்கம் திரும்பினார். “கேட்டுக்கிட்டீங்களா? சேர் வாயில ‘பார்ப்போம்’னு வருது!”