மணிக்கட்டில் கட்டிய சத்தம்

என் சித்திக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. வாயசைவைப் பார்த்து எல்லாக் கதையையும் பிடித்துவிடுவாள். பதிலைக் கையால் சொல்வாள். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்தாள். சித்தப்பாவுக்குக் கப்பலில் வேலை. அவர் கடலில் இருந்தபோதுதான் குழந்தை பிறந்தது.

கொஞ்ச நாளில் கொட்டாஞ்சேனையிலிருந்து சித்தியின் மாமியார் வந்தார். பொல்லாத மனிசி என்று சொல்ல முடியாது. அம்மாவிடம் மெதுவாகத்தான் கதைத்தார்.

"பிள்ளை அழுதா இவவுக்கு என்னெண்டு தெரியும்? கொஞ்சம் வளரும் மட்டும் என்னோட இருக்கட்டும்."

வாசலில் நின்ற சித்தி அவருடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய்த் தொட்டிலின் பக்கத்தில் இருந்துகொண்டாள். அதன்பின் குளிக்கப் போகவும் பயந்தாள்.

அக்கா அப்போது உயர்தர வகுப்பில் கணிதம் படித்துக்கொண்டிருந்தாள். "கொஞ்ச நாள் பொறுங்கோ, நான் ஒண்டு செய்து தாறன்" என்று மாமியாரிடம் கேட்டுக்கொண்டாள். புறக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போய் வயரும் சின்ன மைக்கும் ரேடியோப் பாகங்களும் வாங்கி வந்தாள். பழைய போன் ஒன்றைக் கழற்றி, அதை அதிர வைக்கும் பயறளவு மோட்டாரை எடுத்தாள். மைக்கை ஒரு சோப்புப் பெட்டிக்குள் வைத்தாள். அது தொட்டிலில் இருக்கும். மோட்டாரைக் கைக்கடிகார வாரில் பொருத்தினாள். அது சித்தியின் கையில் இருக்கும். குழந்தை அழுதால் வார் அதிர வேண்டும். இரண்டுக்கும் நடுவே வயர் கிடையாது. எட்டு வயதில் எனக்கு அது மந்திரமாகவே தெரிந்தது.

அழுவது என் வேலை. பெட்டிக்கு முன்னால் இருந்து பலவிதமாக அழுது காட்டினேன். "பசிச்ச பூனை மாதிரி இருக்கு. ஒழுங்கா அழு" என்று அக்கா ஏசினாள். எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. வார் முதல் தடவையாக அதிர்ந்தது அப்போதுதான்.

ஒரு பின்னேரம் மாமியார் பார்க்க வந்தார். குழந்தை நல்ல நித்திரை. குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற சித்தி திடீரென்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். குழந்தை அசையவில்லை. கீழே தெருவில், பேக்கரிப் பாண் விற்கும் பாண்காரரின் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தது.

"பாண்காரனையும் பிள்ளையையும் தெரியாத மிசின்" என்றார் மாமியார்.

அக்காவின் முகம் சிவந்துவிட்டது. "அது பாண்காரன்ர பாட்டு, சித்தி. பிழையா அடிக்குது. கழட்டித் தாங்கோ, திருத்திறன்."

சித்தி கழற்றவில்லை. பல்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தாள். ஆட்டோவையும் மணிக்கட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மாமியாரின் விரல்களை இழுத்து அந்த வாரின்மேல் வைத்தாள். பாட்டு ஓய்ந்து ஆட்டோ போன பிறகும் அவர் விரலை எடுக்கவில்லை.

உள்ளே குழந்தை சிணுங்கியது. முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற சித்தி, காது கேட்கும் நாங்கள் எல்லோரும் திரும்புமுன்னே ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிவிட்டாள். நான் வாயைப் பிளந்துகொண்டு அக்காவைப் பார்த்தேன். பிறகு வந்த வருடங்களில் எவ்வளவோ பெரிய இயந்திரங்களைக் கண்டிருக்கிறேன். ஒன்றின் முன்னும் அப்படி நின்றதில்லை.

மாமியார் தனியாகவே கொட்டாஞ்சேனைக்குப் போனார்.

அக்கா இரவு பகலாக இருந்து, குழந்தையின் குரலுக்கு மட்டும் அதிரும்படி அதைத் திருத்திக் கொடுத்தாள். சில நாளில் சித்தி பெட்டியோடு கீழே இறங்கி வந்தாள். முன்பிருந்தது போலவே ஆக்கித் தரும்படி கையால் கேட்டாள். பாடுபட்டுத் திருத்தியதை ஏன் கெடுக்கச் சொல்கிறாள் என்று எனக்குக் கோபம். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியில் ஒரு சுவிட்ச் வைத்தாள்: ஒரு பக்கம் குழந்தை மட்டும், மறுபக்கம் எல்லாச் சத்தமும்.

ஒருநாள் மழை அடித்துப் பெய்துகொண்டிருந்தபோது மேலே போனேன். சித்தி பல்கனியில் கதிரை போட்டு, சோப்புப் பெட்டியை மடியில் வைத்திருந்தாள். மணிக்கட்டைக் கன்னத்தோடு சேர்த்துக் கண்களை மூடியிருந்தாள். பாவம், களைத்துப்போய் நித்திரையாகிவிட்டாள் என்று நினைத்து, நான் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு இறங்கி வந்தேன்.