விக்டோரியாவின் லாரி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிற சாலையில் தேவராஜனுக்குச் சொந்தமாக ஒரு எடைமேடை இருந்தது. உருக்காலைகளுக்குப் பழைய இரும்பு கொண்டுவரும் லாரிகளும், அங்கிருந்து கம்பி ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் பக்கம் போகும் லாரிகளும் அதில் ஏறி நின்று எடை பார்த்துக்கொண்டு போகும். மேடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு மேசை விசிறி, விக்டோரியா.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் அவளுக்கு முப்பத்துமூன்று வயது. கவரைப்பேட்டையில் அம்மாவோடும் தம்பி ஜெயராஜோடும் இருந்தாள். ஜெயராஜ் எலக்ட்ரீஷியன். அவளுக்கு வரன் பார்ப்பது எந்த வருஷத்தில் நின்றது என்று கேட்டால் அந்த வீட்டில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. சண்டை போட்டு நிற்கவில்லை. மழை விடுகிற மாதிரி, யாரும் கவனிக்காத நேரத்தில் விட்டுவிட்டது.

காலையில் பத்தரை வரைக்கும் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அப்புறம் மூன்று மணிவரை அறைக்குள் ஈ ஓட்டத்தான் வேண்டும். பொன்னேரியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாசம் புரோகிராம் எழுதப் படித்திருந்தாள் விக்டோரியா. படித்ததில் பாதி மறந்திருந்தது. மீதிப் பாதியை வைத்து ஒரு மத்தியானம் விளையாட்டாக ஏதோ செய்து பார்த்தாள். பெயிண்டில் ஒரு லாரி வரைந்தாள், மேலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி. நீல நிறக் கட்டம், முன்னால் இரண்டு மஞ்சள் புள்ளி. திரையில் கறுப்பாக ஒரு ரோடு. இடது அம்பு, வலது அம்பு தட்டினால் லாரி ஒதுங்கும். எதிரே மாடு வரும், நாய் வரும், ஷேர் ஆட்டோ வரும், குடம் தூக்கிய பெண் வருவாள். இடிக்காமல் ஒதுக்கிக்கொண்டே போக வேண்டும். அதற்கு மேல் அந்த ஆட்டத்தில் ஒன்றுமில்லை.

ஆனால் அந்த ஒன்றுமில்லாததைச் செய்து முடிக்க அவளுக்கு இரண்டு மாசம் ஆயிற்று. முதலில் மாடு ரோட்டை விட்டு வானத்தில் பறந்தது. அதைச் சரிசெய்தால் லாரி பின்னால் ஓடியது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக்கூட மறந்து உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் எல்லாம் சரியாக நடந்தது. மாடு மாடாகவும் லாரி லாரியாகவும் போயின. சொல்ல ஆள் யாருமில்லை. எழுந்து போய் வெளியே குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

முதலில் பார்த்தது பரசுராமன் என்கிற டிரைவர். எடைச் சீட்டு வாங்க ஜன்னலில் தலையை நீட்டியவர், திரையைப் பார்த்துவிட்டு, "இன்னா மேடம், எங்க வண்டிய பொட்டிக்குள்ள ஏத்திட்டீங்களா!" என்றார். உள்ளே வந்து நின்றபடியே நான்கு முறை ஆடினார். அடுத்த நாள் இரண்டு பேரைக் கூட்டி வந்தார். ஒரு வாரத்துக்குள் சூளூர்ப்பேட்டை, நாயுடுபேட்டை டிரைவர்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்துவிட்டது.

குப்புராஜ் வந்தது அதற்கப்புறம். ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் அவருக்கு. நாற்பதைத் தொடப்போகிற வயது. கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் மனைவி பிரசவத்தில் போய்விட்டாள், குழந்தையும் தங்கவில்லை என்று மற்ற டிரைவர்கள் பேசி விக்டோரியா கேட்டிருந்தாள். அதிகம் பேசாத மனுஷர். எல்லாரும் ஆடியபின் அவரும் ஒருநாள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நாய் குறுக்கே வந்தது. அவர் வலது கால் தரையை அழுத்தியது. லாரி நாய்மேல் ஏறி, ஆட்டம் முடிந்தது.

"பிரேக் எங்க மேடம்?" என்றார்.

"பிரேக் இல்லண்ணா. ஒதுக்கணும், அவ்ளோதான்."

அவர் விசைப்பலகையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "பிரேக் இல்லாத வண்டிய எப்டி எடுக்கறது?" என்றார். குறை சொல்லும் குரல் இல்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். விக்டோரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழு வருஷமாக லாரிகளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எத்தனை டன், எத்தனை கிலோ என்பது தெரியும். அது எப்படி நிற்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்று மத்தியானமே பிரேக் வைத்தாள். கீழ் அம்பைத் தட்டினால் லாரி சட்டென்று நின்றது. மறுமுறை வந்தபோது குப்புராஜ் ஆடிப் பார்த்து, "இது சைக்கிள் நிக்கிற மாதிரி நிக்குது மேடம்" என்றார். சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆவணி மாசத்தில் ஒருநாள் சாயங்காலம், மின்கம்பிமேல் மரம் சாய்ந்து ரயில் நின்றுபோயிற்று. பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. விக்டோரியா ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தபோது குப்புராஜின் லாரி கம்பி லோடோடு வந்து நின்றது. கிளீனர் கலியன் கதவைத் திறந்தார். அவர் குப்புராஜைவிடப் பத்து வயது மூத்தவர்.

"கவரப்பேட்டதானே? ஏறும்மா. நான் நடுவுல குந்திக்கறேன்" என்றார் கலியன்.

விக்டோரியா ஒரு கணம் தயங்கினாள். பார்க்கிறவர்கள் பேசுவார்கள். பிறகு பையை மேலே கொடுத்துவிட்டு ஏறினாள். அவ்வளவு உயரத்திலிருந்து அவள் அந்த ரோட்டைப் பார்த்ததே இல்லை. தினமும் ரயிலில் போகும் ஊர் வேறு எதுவோ மாதிரி தெரிந்தது.

கொஞ்ச தூரம் போனதும் குப்புராஜ் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். ரோடு காலியாக இருந்தது. "மேடம், இப்ப பிரேக் போடப் போறேன். கெட்டியா புடிச்சிக்கங்க. எப்ப நிக்குதுன்னு நீங்களே எண்ணிப் பாருங்க."

கால் அழுந்தியது. விக்டோரியா எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு. காற்று சீறியது. பின்னாலிருந்து யாரோ பெரிய கையால் தள்ளுகிற மாதிரி இருந்தது. மூன்று. புளியமரம் ஒன்று கடந்துபோயிற்று, இன்னொன்றும் போயிற்று. ஐந்து எண்ணியபின்தான் வண்டி நின்றது.

"நைனா, மேடத்துக்கு ரோடு காட்றியா, சாவு காட்றியா?" என்று கத்தினார் கலியன்.

குப்புராஜ் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. "லோடு இருந்தா முன்ன தள்ளும் மேடம். எம்ப்டியா இருந்தா தள்ளாது, ஆனா பின்பக்கம் ஆட்டும். நாய் வரும்னு தெரியற முன்னாடியே கால் வெச்சிரணும். வந்தப்புறம் வெச்சா வெச்சதே இல்ல."

கவரைப்பேட்டையில் இறங்கும்போது அவள் ஒன்றிலிருந்து ஐந்துவரை மறுபடி மறுபடி எண்ணிக்கொண்டிருந்தாள். என்ன எழுத வேண்டும் என்று தெரிந்துவிட்ட பரபரப்பு.

எடைமேடையிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் எண்ணையே ஆட்டத்துக்குள் கொண்டுவந்தாள். மேடையில் எந்த லாரி நிற்கிறதோ அதன் எடைதான் திரையில் ஓடும் லாரிக்கும். இருபத்தைந்து டன் என்றால் நிற்க நேரமாகும். வெறும் வண்டி என்றால் வால் ஆடும். டிரைவர்கள் அசந்துபோனார்கள். "என் வண்டியேதான்!" என்றார் பரசுராமன். அளவுக்கு மேல் ஏற்றி வந்த நாளில் மூன்றாவது மாட்டோடு ஆட்டம் முடிந்துவிட, "இது காட்டிக் குடுக்குதே மேடம்" என்று நொந்துகொண்டார்.

குப்புராஜ் மட்டும் எத்தனை லோடு இருந்தாலும் நாயைக் காப்பாற்றினார். மெதுவாகப் போவார். தூரம் குறைவாகத்தான் வரும். அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. விக்டோரியா எல்லா டிரைவர்களையும் அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். குப்புராஜை அப்படிக் கூப்பிடுவது எப்போது விட்டுப்போனது என்று அவளுக்குத் தெரியாது. ஒருநாள் சீட்டை நீட்டி, "இந்தாங்க" என்றபோதுதான் அண்ணா வராதது அவள் காதிலேயே விழுந்தது.

வினை அந்த எடையால்தான் வந்தது. அவரவர் எடையில் ஆட வேண்டுமென்றால் லாரி மேடையிலேயே நிற்க வேண்டுமே! ஒருநாள் தேவராஜன் வந்தபோது மேடையில் டிரைவர் இல்லாத லாரி, பின்னால் ரோடுவரைக்கும் ஒன்பது வண்டி, ஹாரன் சத்தம். அறைக்குள் ஐந்து பேர் திரையைச் சுற்றி நின்றார்கள்.

தேவராஜன் கெட்டவர் அல்ல. கத்தக்கூட இல்லை. எல்லாரும் போனபின் சொன்னார்: "விக்டோரியா, இது நான் தொழில் பண்ற எடம்மா. அத அழிச்சிடு. நான் இங்கயே நிக்கறேன்."

அழித்தாள். ஒரு விசையைத் தட்ட எவ்வளவு நேரம்? வீட்டில் ஒரு பிளாப்பியில் முன்பு எடுத்துவைத்த பிரதி இருந்தது. அதைப் பொன்னேரி சென்டருக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தால் கம்ப்யூட்டர் அதைப் படிக்கவே இல்லை. பத்து மாச வேலை. ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள், யாரும் முகத்தைப் பார்க்கக்கூடாதென்று.

இரண்டு நாள் கழித்துக் குப்புராஜ் வந்தார். "போச்சாமே" என்றார்.

"போச்சு."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "பொட்டியிலதானே அழிச்சாரு? உங்க தலையில இருக்குதில்ல? திரும்பப் போடுங்க. இந்தத் தடவ ரோட்டையும் ஒழுங்கா போடலாம். நான் சொல்றேன்."

அதிலிருந்து அவர் எடைக்கு வரும்போதெல்லாம் ரோட்டில் ஒரு துண்டைச் சொல்லிவிட்டுப் போனார். சீட்டு அச்சாகிற நேரம் மட்டும்தான் பேச்சு. எந்த வளைவில் எதிர் வண்டி தெரியாது, எந்தப் பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு விடும், மழை பெய்தால் எங்கே தண்ணீர் தேங்கும். விக்டோரியா வீணாய்ப்போன சீட்டுகளின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டாள். பொன்னேரியில் மூடிய பிரவுசிங் சென்டர் ஒன்றிலிருந்து ஜெயராஜ் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து, அக்காவுக்காக உயிர் கொடுத்து வைத்தான். ஏன் எதற்கு என்று அவன் கேட்கவில்லை.

ஆட்டம் திரும்ப ஓட ஆரம்பிக்க ஒரு வருஷம் ஆயிற்று. ஆனால் ஆட வேண்டியவர் வீட்டுக்கு வந்தால்தான் உண்டு. சீட்டைக் கொடுக்கும்போது, குனிந்தபடியே சொன்னாள்: "ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வரீங்களா? ஓட்டிப் பாக்கணும்."

சர்ச் முடிந்து அவர்கள் வீடு திரும்பியபோது குப்புராஜ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கையில் ஒரு பை வேர்க்கடலை, அண்ணன் நிலத்தில் விளைந்தது. அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னா வேல பண்றீங்க?"

"லாரி ஓட்டறேன் மா."

"இங்க எதுக்கு வந்தீங்க?"

அவர் விக்டோரியாவைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னார். "லாரி ஓட்டத்தான் மா."

ஜெயராஜ் சிரித்துவிட்டான். அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

குப்புராஜ் ஓட்டினார். கும்மிடிப்பூண்டியில் கிளம்பி, கவரைப்பேட்டையில் திரும்பி, சத்தியவேடு ரோட்டில் போனார். பள்ளிக்கூடத்தில் நிறுத்தினார், நாய்க்கு நிறுத்தினார். அம்மா காபியோடு வந்தவள் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். முக்கால் மணி நேரம் கழித்து ஊத்துக்கோட்டை தாண்டி ஒரு மண் ரோடு வந்தது. அதன் முடிவில் ஒரு மஞ்சள் வீடு, இடப்பக்கம் ஒரு வேப்பமரம். லாரி தானாக நின்றது.

அவர் கையை எடுத்துவிட்டார். திரையில் இருந்த மரத்தை விரலால் தொட்டார்.

"எங்க ஊட்டு வேப்பமரம் அந்தாண்ட பக்கம்" என்றார்.

"நீங்க சொன்னத வெச்சிப் போட்டேன். நான் பாத்ததில்லையே" என்றாள் விக்டோரியா.

"வந்து பாருங்க." சொன்னபின் பயந்துபோய், அம்மா பக்கம் திரும்பினார். "நீங்களும் வாங்க மா. எல்லாரும் வாங்க."

அம்மா டம்ளரை அவர் பக்கத்தில் வைத்தாள். "காபி ஆறிப்போச்சு. வேற போட்டுக்கினு வரேன்" என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுக்காமலே உள்ளே போனாள். அடுப்படியில் ஜெயராஜைக் கூப்பிட்டு, அந்த ஊருக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்று கேட்டது இவர்கள் இருவர் காதிலும் விழுந்தது.

இரண்டாயிரத்து ஏழு தை மாசம் பொன்னேரி ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம். கலியன் சாட்சியாக நின்று கையெழுத்துப் போட்டார். மாப்பிள்ளை வேறு மதம் என்று சர்ச் பாஸ்டர் முதலில் முறுக்கிக்கொண்டார். பிறகு வீட்டுக்கு வந்து ஜெபம் செய்து, சாப்பிட்டுவிட்டுப் போனார். தேவராஜன் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தனுப்பினார். விக்டோரியா வேலையை விடவில்லை.

ஆட்டத்தையும் முடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கப்புறம் குப்புராஜ் அதன் முன் உட்கார்வார். பாதியில் கையை எடுத்துவிட்டு ஏதாவது ஒரு குறை சொல்வார்.

"எளாவூர் பக்கம் போனா ஏரிக் காத்து வண்டிய இழுக்கும். அத நீ வெக்கவே இல்லையே."

அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்வாள்.

"எந்தப் பக்கமா இழுக்கும்? சொல்லுங்க."