விற்றவர் பெயர்

அப்பா எண்ணெய்க் கடையில் பத்தொன்பது வருடம் அளந்து ஊற்றினார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாத கை. முதலாளிக்கு அவர் "டேய் புனலு". அவருக்கு வேறு பெயர் இருப்பது தெரிந்ததாகவே முதலாளி காட்டிக்கொண்டதில்லை.

கலப்படத் தடைச் சட்டம் வந்த புதிதில், எங்கள் தெருவில் அந்தக் கடை எண்ணெய் வாங்கிய நான்கு வீடுகளில் கால் வீங்கிப் படுத்தார்கள். ஒரு காலையில் உணவு ஆய்வாளர் கடைக்கு வந்து எண்ணெய் வாங்கினார். அப்பாதான் அளந்து ஊற்றினார். ஆய்வாளர் அதை மூன்று குப்பிகளில் பிரித்து அரக்கு முத்திரை வைத்தார். மீதி டின்களைப் பறிமுதல் செய்து வண்டியில் ஏற்றச் சொன்னார்.

"வித்தது யாருப்பா?"

"நான்தாங்க."

"ஆமா சார், இந்தக் கடையே அவர் கையிலதான் ஓடுது," என்றார் முதலாளி.

'அவன்' 'அவர்' ஆனது அன்றுதான். அப்பா அதை வீட்டில் இரண்டு தரம் சொன்னார்.

ஆய்வாளரிடம் கையெழுத்துப் போட்ட தாளின் நகலை என்னிடம் நீட்டினார். நான் கல்லூரியில் முதல் வருடம். 'விற்றவர்' என்ற இடத்தில் அவருடைய முழுப் பெயர், தகப்பன் பெயரோடு.

"பேரு சரியா இருக்கா பாப்பா?"

"இருக்குப்பா."

அம்மாதான் கேட்டாள். "அந்த மகராசன் பேரு எங்க?"

"அவரு எங்கடி வித்தாரு? உக்காந்துதான இருந்தாரு."

படிக்காதவர், ஏமாந்துவிட்டார் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். பக்கத்தில் இருந்த படித்தவள் நான்தான்.

வழக்கு இழுத்தது. தனக்குத் தெரியாமல் ஆள் செய்த வேலை என்று சொல்லி முதலாளி தப்பினார். நான் பட்டம் வாங்கிய மாதம் தீர்ப்பு வந்தது: அப்பாவுக்கு ஆறு மாதச் சிறை. மேல்முறையீட்டுக்கு அப்பா தரப்பை எழுதி வரச் சொன்னார் வக்கீல்.

"எதுவும் தெரியாம வித்தேன்னு எழுது," என்றாள் அம்மா.

"அத எழுதாத. மூடியத் தொறந்தா வாடையிலயே தெரியும்."

"அதனாலதான் வீட்டுக்கு வேற கடையில வாங்குனீங்களாப்பா?"

அப்பா பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

"ஆமா, இப்ப வந்து உண்மை பேசுங்க," என்றாள் அம்மா. "ஜெயில்ல பட்டுக்குஞ்சம் கட்டிவிடுவாங்க."

எதிர்வீட்டு அக்கா இன்னும் சுவரைப் பிடித்து நடப்பது ஜன்னலில் தெரிந்தது. கதவைச் சாத்திவிட்டு எழுதினேன். அப்பா படித்துக் காட்டச் சொன்னார். தாளில் இருந்த 'தெரியாமல்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு, நிறுத்தாமல் படித்தேன்.

"நல்லா எழுதியிருக்க," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.