சங்கிலியில் கட்டிய டம்ளர்

எனக்கு எழுபத்து நான்கு வயது. பெற்று வளர்த்தது ஐந்து. ஒன்றுகூட அடுத்தவர் எச்சிலைக் குடித்து வளரவில்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

போன கோடை விடுமுறையில் மகள் வயிற்றுப் பேத்தியை, எங்கள் பங்கு மாதா கோவில்காரர்கள் காரமடைப் பக்கம் நடத்திய பிள்ளைகள் முகாமுக்கு அனுப்பினோம். போனில் அவள் குரல் சரியில்லை. துடியலூரில் பஸ் ஏறிப் போய்விட்டேன்.

பிள்ளை வேப்பமரத்தடியில் சுருண்டு படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது.

"ஒண்ணுக்குப் போனா எரியுதுங்க அம்மிச்சி."

"தண்ணி குடிக்கிறியா இல்லியா கண்ணு?"

தண்ணீர் டிரம்மைக் காட்டினாள். அதில் ஒரே டம்ளர், சங்கிலியில் கட்டித் தொங்கியது. சளி பிடித்ததும் வாய்ப்புண் வந்ததுமாக அத்தனை பிள்ளைகளும் அதில்தான் வாய் வைத்துக் குடித்தார்கள். அவரவர் கொண்டுவந்த பாட்டில்களை, 'உன்னுது என்னுது' கூடாதென்று முகாம் நடத்தியவன் பீரோவில் பூட்டியிருந்தான். எங்கள் வீட்டு வழக்கப்படி இவள் அண்ணாந்து குடித்திருக்கிறாள். எல்லார் முன்னாலும் நிறுத்தி, வாய் வைத்துக் குடி என்று அதட்டியிருக்கிறான். அதோடு அந்தப் பக்கமே போகாமல், சாப்பாட்டோடு தரும் மோரை மட்டும் குடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். அந்த வெயிலில்!

அவனைக் கூப்பிட்டேன். தாடி வைத்த சின்னப் பையன்.

"கோவிச்சுக்காதீங்க பாட்டி. இங்க எல்லாரும் ஒண்ணுங்க. அடுத்தவன் வாய் வெச்சதுல குடிக்க மாட்டேன்னா, அது சாதி பாக்கறதுங்க."

"சளி எந்தச் சாதிங்க தம்பி?"

நின்றிருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அவன் முகம் கறுத்தது.

"உங்க ஊட்டுக்கு வேலைக்கு வாரவங்களுக்கு எந்த டம்ளருங்க?"

சுருக்கென்றது. எங்கள் வீட்டில் யார் வந்தாலும் ஒரே சொம்புதான். வாய் வைக்காததால்தான் ஒரே சொம்பு போதும். சொன்னேன்.

"சொல்றதுக்கு என்னங்க," என்றான்.

நம்பாவிட்டால் போகட்டும். டம்ளரைக் கழுவி, தண்ணீர் மொண்டு பேத்தியிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். என் பிள்ளை, தண்ணீர் குடிக்க எவனோ ஒருவன் முகத்தைப் பார்க்கிறாள்! தண்ணீரைக் கீழே கொட்டினேன். டம்ளரைச் சங்கிலியோடு பிடுங்கி என் பைக்குள் போட்டேன்.

"பாட்டி, அது கோவில் டம்ளருங்க!"

"வேணும்னா ஊட்டுக்கு வந்து வாங்கிக்குங்க. இப்பப் பீரோவத் தொறந்து புள்ளைங்க பாட்டில எடுத்துக் குடுங்க."

திறந்தான். இவள் பாட்டிலை வாங்கிக்கொண்டு நேரே டாக்டரிடம் போனோம். நீர்க்கடுப்பு ஒரு வாரத்தில் விட்டது.

டம்ளரைக் கேட்டு அவன் வரவில்லை. அது என் அடுப்பு மேடையில்தான் இருக்கிறது. ஆனால் வெளியே எங்கு போனாலும், பாட்டிலைத் தூக்கும் முன் யாராவது பார்க்கிறார்களா என்று இன்றும் இவள் திரும்பிப் பார்க்கிறாள். அதற்காக அவனை நான் மன்னிக்கவில்லை. சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்திலும் இதைச் சொல்லப்போவதில்லை.

இந்தா கண்ணு, அந்த டம்ளர்ல ஒரு வாய் தண்ணி குடிச்சுப்போட்டு, நாஞ் சொல்லச் சொல்ல நீ எழுதுனத மொதல்ல இருந்து படி. அவன் பேசினதையும் முழுங்காமப் படி.