பன்னிரண்டாம் தேதிக்குள் பிறந்தவர்கள்

எங்கள் மேலகரத்தில் யாருக்கு எந்தக் கட்டத்தில் செவ்வாய் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அகிலாண்டேஸ்வரியைக் கேட்டால் போதும். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் ‘அகிலா கம்ப்யூட்டர்ஸ்’ அவளுடையது. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், கம்ப்யூட்டர் ஜாதகம், பொருத்தம் பார்த்தல். அதை ஒட்டிய தையல் கடை என்னுடையது. நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. நாங்கள் ஜாதகம் பார்க்கிற ஜனம் இல்லை. ஆனாலும் பலகை வழியாகக் கேட்டுக் கேட்டே எனக்கு இருபத்தேழு நட்சத்திரமும் மனப்பாடம். துபாயில் இருக்கிற என் வீட்டுக்காரரிடம் ஒருநாள் போனில் வாய் தவறி, இன்னைக்குச் சந்திராஷ்டமம், பார்த்து நடந்துக்கிடுங்க என்று சொல்லிவிட்டேன். சாஜிதா, உனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

ஊருக்கெல்லாம் பொருத்தம் போட்டுக் கொடுத்த அகிலாவுக்கு நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. அவள் ஜாதகத்தில் ஏழில் செவ்வாய். அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. வருகிற புருஷனை வாழ விடாது என்று அவளுக்கு உறுதியாகத் தெரியும். சின்ன வயதில் மாப்பிள்ளை வீட்டார் ஜாதகத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு, ஜாதகம் வேண்டாம் பெண் போதும் என்று வந்தவர்களை இவளே திருப்பி அனுப்பினாள். எனக்குப் பொறுக்காது. மனுஷன் சாவதற்கு ஆயிரம் வழி இருக்கும்போது உன்னால்தான் சாவான் என்று உனக்கு என்ன அவ்வளவு நினைப்பு என்று கத்துவேன். அவள் மவுஸை உருட்டியபடி, கம்ப்யூட்டர் பொய் சொல்லாது சாஜி என்பாள். அதற்கு மேல் அவளோடு பேச முடியாது.

அந்தக் கம்ப்யூட்டருக்கோ வயசாகிவிட்டது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வைத்த சந்தனம் மானிட்டர் விளிம்பில் அடை அடையாகப் படிந்திருக்கும். எந்த இணையதளத்தைத் திறந்தாலும், உங்கள் சிஸ்டம் பழையது என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டது. விண்ணப்பம் போட வந்தவர்கள் எல்லாம் தென்காசிக்குப் பஸ் ஏறத் தொடங்கியதும் அகிலா வேறு வழியில்லாமல் குற்றாலீஸ்வரனை வரவழைத்தாள்.

குற்றாலீஸ்வரன் குற்றாலத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். சீசன் வந்தால் லாட்ஜ்களில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் சாரலில் நமுத்துப்போகும். அவற்றைக் காய வைப்பதே அவருக்குப் பாதிப் பிழைப்பு. அவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மூலமாகத்தான் அகிலாவைக் கேட்டார். உங்கள் ஜாதகத்தைக் கொண்டு வாருங்கள் என்று அவள் சொல்லி அனுப்பினாள். அவரிடம் ஜாதகமே கிடையாது. அவருடைய அப்பா கறுப்புச் சட்டைக்காரர், வீட்டில் அந்தப் பேச்சே எடுக்க விட்டதில்லை. அப்படியானால் வேண்டாம், தெரியாமல் ஒரு உயிரோடு விளையாட மாட்டேன் என்றுவிட்டாள். அதற்குப் பிறகும் மனுஷர் பிரிண்டரைத் துடைக்க வந்துகொண்டுதான் இருந்தார். அவள் அவரை சார் என்பாள். அவர் அவளை மேடம் என்பார். நடுவில் எரிச்சல் எனக்கு.

பழைய பெட்டிக்குள் இரண்டு புதுச் சாமான்களை மாட்டி, புது ஓ.எஸ்.ஸை ஏற்றினார். அன்றிலிருந்து பலகைக்கு அந்தப் பக்கம் ஒரே ரகளை. ஸ்டார்ட் பொத்தான் இடது மூலையை விட்டு எழுந்து நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. இத்தனை வருஷம் பழகிய கை மூலைக்கே போகும். மூலையில் இப்போது வானிலை இருந்தது. வெயில் முப்பத்திரண்டு டிகிரி என்று காட்டும். அகிலா வெளியே எட்டிப் பார்ப்பாள். சாரல் பிய்த்துக்கொண்டு அடிக்கும். பிரிண்டரைத் தனக்குத் தெரியவே தெரியாது என்றது புது ஓ.எஸ். ஸ்கேனரைத் தெரியும் என்றது, ஆனால் பேச்சுவார்த்தை இல்லை. வரிசையில் ஆட்கள் நிற்கும்போது பார்த்து, அப்டேட் ஆகிறது அணைக்காதீர்கள் என்று திரை விரியும். இருபத்தேழு சதவீதம் வரை குதித்துக்கொண்டு ஓடும், அங்கே படுத்துவிடும். வந்தவர்கள் வந்த வேலையை மறந்து அதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருநாள் அது இருபத்தெட்டு ஆனபோது செங்கோட்டைக்காரர் ஒருவர் கை தட்டினார்.

ஒவ்வொன்றுக்கும், சார் கொஞ்சம் வர முடியுமா என்று போன் போகும். சாருக்கு வர முடியாத நாள் என்று ஒன்று இல்லை. நனைந்த கோழியாக ஸ்கூட்டரில் வந்து நிற்பார். அவர் இருக்கும்வரை எல்லாம் ஒழுங்காக ஓடும். அவர் தலை மறைந்ததும் கெடும். எனக்கு அந்த ஓ.எஸ். மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

ஜாதகம் போடும் சாஃப்ட்வேர்தான் எல்லாவற்றையும்விட அடம் பிடித்தது. யாரோ ஒரு மதுரைக்காரர் என்றைக்கோ எழுதியது. அதைக் கெஞ்சி, மிரட்டி, இரண்டு முறை அழித்து ஏற்றி, கடைசியில் பிள்ளையார் படத்தோடு திறக்க வைத்தார். சரிபார்க்க அகிலா தன் பிறந்த தேதியையே அடித்தாள். ஜூன் இருபத்தைந்து. தாள் வந்தது. ஏழில் செவ்வாய். ஸ்டார்ட் பொத்தானே இடம் மாறியபோதும் அது மட்டும் நகரவில்லை.

மறு வாரம் குற்றாலீஸ்வரனின் அம்மா முப்பிடாதி கடைக்கு வந்தாள். மகனுக்கு ஒரு ஜாதகம் எழுத வேண்டும், அவன் அப்பா இருந்தவரை விடவில்லை, இனிமேலாவது பார்ப்போம் என்றாள். தேதி கேட்டதும் நவம்பர் மூன்று, காலை ஆறு மணி என்று தயங்காமல் சொன்னாள். நான் மிஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டுப் பலகையில் காதை வைத்தேன். பிரிண்டர் ஓடியது.

“இவங்களுக்கும் ஏழில செவ்வாய், ஆச்சி” என்றாள் அகிலா. அவளுடைய குரலே இல்லை அது.

இரண்டு பேருக்கும் இருந்தால் ஒன்றை ஒன்று அடித்துவிடுமாம். அப்படியானால் உனக்கும் அவனுக்கும் பொருத்தத்தைப் போடு என்று முப்பிடாதி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பத்துக்கு ஒன்பது வந்தது. அகிலா அந்தத் தாளோடு என் கடைக்குள் ஓடி வந்து, கழுத்தில் டேப்பும் வாயில் ஊசியுமாக இருந்த என்னைக் கட்டிப் பிடித்தாள். இரண்டு பேரும் குத்துப்பட்டோம். நான் அழுதுவிட்டேன், ஊசியால் இல்லை.

ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். அதற்குப் பிறகு அகிலாவைப் பார்க்க வேண்டுமே. அப்டேட் வந்தால் கோபம் இல்லை; ஓடட்டும் பாவம் என்றாள். ஜெராக்ஸ் கேட்டவருக்கு லேமினேஷன் போட்டுக் கொடுத்தாள். குற்றாலீஸ்வரன் கெடாத பிரிண்டரைப் பிரித்துப் போட்டுவிட்டு எந்தத் திருகு எங்கே என்று தெரியாமல் நின்றார். அப்போதும் சார், மேடம்தான்.

ஆடி பாதியில் வீரகேரளம்புதூரிலிருந்து ஜெயசித்ரா என்ற அம்மாள் வந்து தாளை மேஜையில் அடித்தாள். பட்டாளத்தில் இருக்கும் அவள் மகனுக்கு எழுதிய ஜாதகம். மார்கழிப் பனியில் நடுங்கிக்கொண்டு பெற்ற பிள்ளைக்கு ஆனி மாதம் என்று போட்டிருக்கிறது, பெற்றவள் நானா உன் கம்ப்யூட்டரா என்று கேட்டாள். அகிலா தேதியைப் பார்த்தாள். ஜனவரி ஏழு. சரியாகத்தான் அடித்திருந்தாள். சாருக்குப் போன் போனது.

குற்றாலீஸ்வரன் வந்து எங்கெங்கோ திறந்து பார்த்து, வேர்த்துப்போனார். ஓ.எஸ். ஏற்றும்போது எந்த நாடு என்று அது கேட்டிருக்கிறது. அமெரிக்கா என்று முன்னாலேயே எழுதி வைத்திருந்ததாம். இவர் அகிலா கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அமுக்கிக்கொண்டு போயிருக்கிறார். அமெரிக்காவில் மாதத்தை முன்னால் போடுவார்கள். ஆகவே ஏழாம் தேதி ஒன்றாம் மாதம் என்று அடித்தால் அந்த சாஃப்ட்வேர் ஜூலை ஒன்று என்று எடுத்துக்கொண்டது. பன்னிரண்டுக்கு மேல் தேதி வந்தால் அத்தனை மாதம் கிடையாது என்பதால் வாயை மூடிக்கொண்டு சரியாகப் போட்டது. பன்னிரண்டாம் தேதிக்குள் பிறந்தவர்களுக்கு மட்டும்தான் கோளாறு. திரை மூலையிலும் தேதி அப்படித்தான் தலைகீழாக நின்றிருக்கிறது. சுவரில் தினசரி காலண்டர் தொங்கும்போது அந்த மூலையை யார் பார்க்கிறார்கள்? அத்தனை நாளும் மேலகரம் அமெரிக்காவில்தான் இருந்திருக்கிறது. நான் பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அந்தப் பக்கம் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அப்புறம்தான் எனக்கும் உறைத்தது. நவம்பர் மூன்று.

ஜெயசித்ராவுக்குப் புதுத் தாள் கொடுத்து அனுப்பியதும் அகிலா அந்தத் தேதியை மறுபடி அடித்தாள். நான் எழுந்து அங்கே போய்விட்டேன். ஐப்பசி என்று வந்தது. முதல் தாளில் மாசி என்று இருந்ததை அவள் அன்று கவனிக்கவே இல்லை. செவ்வாய் எங்கே என்று மட்டும் பார்த்திருக்கிறாள். இப்போது செவ்வாய் வேறு எங்கோ போய் உட்கார்ந்திருந்தது. பொருத்தம் பத்துக்கு மூன்று.

பழைய தாளே இருக்கட்டும், தப்பு என் மேல்தான் என்றார் குற்றாலீஸ்வரன். கிழித்துப் போடு இந்தப் புதுசை என்றேன் நான். மற்றவர்களுக்கெல்லாம் போன் போட்டுக் கூப்பிட்டு மாற்றிக் கொடுக்கப்போகிறேன், இந்த ஒரு தாளை மட்டும் எப்படி மறைப்பது என்றாள் அகிலா. பிறகு அவரை நேராகப் பார்த்தாள்.

“ஒங்களுக்கு ஒண்ணுன்னா நான் எங்கன போவேன்?”

அவள் சார் என்று சொல்லாமல் அவரிடம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இப்படிக் கேட்கத் தெரிந்தவள் வேண்டாம் என்று சொல்லப்போகிறாளே என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

மறுநாள் காலையில் இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு முப்பிடாதியிடம் சொல்லிவிட்டு வரக் கிளம்பினாள். நானும் கடையைப் பூட்டிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். ஐந்தருவிச் சாலையில் வீடு. முப்பிடாதி தரையில் உட்கார்ந்து பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். மகன் வாசற்படியில் தலையைத் தொங்கப் போட்டிருந்தார். அகிலா ஆதியிலிருந்து அத்தனையும் சொல்லி முடித்தாள். அமெரிக்காவைக்கூட விடவில்லை. முப்பிடாதி கொட்டை உரிப்பதை நிறுத்தவே இல்லை.

“நவம்பர் மூணுங்கது அவுங்க அப்பா பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போனப்ப வாயில வந்த தேதி தாயி. இவன் என்னைக்குப் பொறந்தான்னு யாருக்குத் தெரியும்? சாரல் விழுந்துது, அருவியில மொதத் தண்ணி வந்த நாளு. அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும்.”

அப்படியானால் எதற்கு வந்து ஜாதகம் எழுதினீர்கள் என்று அகிலா கேட்டாள்.

“நீ அந்தப் பெட்டி சொன்னாத்தான கேக்க? அதான் பெட்டிக்கிட்டயே வந்தேன்.”

எனக்கு வாய் சும்மா இருக்குமா? அன்றைக்குப் பொருத்தம் வராமல் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் ஆச்சி என்று கேட்டேன்.

“வேற தேதி சொல்லியிருப்பேன். வருசத்துல தேதிக்கா பஞ்சம்?”

அகிலா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டு தாளையும் பார்த்தாள். முதலில் தோள்தான் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரிப்பு. நிற்க முடியாமல் என் மேல் சாய்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு அவள் சொன்னாள்:

“தேதியே இல்லாத மனுசனை என் செவ்வாய் எங்கன போய்த் தேடும் சாஜி?”

இத்தனை வருஷம் நான் கத்தாத கத்தெல்லாம் கத்தியும் நகராதது, அவளுடைய கணக்கிலேயே நகர்ந்துவிட்டது. இரண்டு தாளையும் முப்பிடாதி வாங்கி, உரித்த தோலை அதில் மடித்து மூலையில் வைத்தாள். குற்றாலீஸ்வரன் எழுந்து வந்து, மேடம் காப்பி குடிக்கிறீங்களா என்று கேட்டார். எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பன்னிரண்டாம் தேதிக்குள் பிறந்த அத்தனை பேருக்கும் அகிலா புதுத் தாள் கொடுத்துவிட்டாள். ஜாதகத் தொழிலை அவள் விடவில்லை, இன்னும் நம்புகிறாள். வீட்டுக்காரரின் தேதியை மட்டும் அந்தப் பெட்டியில் அடிப்பதில்லை. அருவியில் முதல் தண்ணீர் விழுகிற நாள்தான் அவருக்குப் பிறந்தநாள். சாரல் முந்திக்கொண்ட ஒரு வருஷம் மனுஷருக்கு மே மாதமே ஒரு வயது கூடிவிட்டது.

இந்த வருஷம் தண்ணீர் விழுந்த செய்தியைக் குற்றாலத்துப் பழ வண்டிக்காரர் கொண்டுவந்தார். அகிலா கேக் வாங்கப் புறப்பட்டாள். திரையில் அப்டேட் இருபத்தேழு சதவீதத்தில் நின்றிருந்தது. அணைக்காதீர்கள் என்று எழுதியிருந்தது. ஒரு நிமிஷம் அதைப் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டிவிட்டு ஷட்டரை இறக்கினாள்.