கீழ்த்தட்டில் வைத்த டிவி கேம்

மகனுக்கு இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு. மதுரையில் பள்ளிக்கூடம், அதற்குப் பக்கத்திலேயே வாடகை வீடு, சமைத்துப் போட அவன் அம்மா. போடியில் வீட்டுக்குக் காவலாக நானும் அவனுடைய கேம் பெட்டியும் இருக்கிறோம். பரீட்சை முடிகிற வரைக்கும் அந்தப் பெட்டி மதுரைப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்பது என் மனைவியின் உத்தரவு. என்னையும் அடிக்கடி தலைகாட்டச் சொல்வதில்லை. நான் போனால் பையனின் படிப்பு கெடுகிறதாம்.

வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் ஜீப் ஏறிப் போடிமெட்டுக்கு மேலே இருக்கும் எங்கள் ஏலத்தோட்டத்துக்குப் போய்விடுவேன். அந்த நாட்கள் எப்படியோ ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் ஆளைத் தின்னும். ஓட்டல் சாப்பாட்டைப் பொட்டலத்திலேயே வைத்துச் சாப்பிட்டு இலையைச் சுருட்டிப் போட்டால் மணி ஒன்றரை. அப்புறம் வீட்டில் என் செருமல் சத்தம் மட்டும்தான். ஒருநாள் கேஸ் சிலிண்டர் போட வந்தவரை உட்காரவைத்து அரைமணி நேரம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பாவம், அவர் வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறார்.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை மகன் போனில் சொன்னான்.

"அப்பா, என் கேம் பாக்ஸுல உங்க காலத்துப் பழைய கேமெல்லாம் இருக்குப்பா. போட்டுப் பாருங்க."

உங்க காலம் என்று சொன்னது சுருக்கென்றது. எனக்கு நாற்பத்து மூன்றுதான் ஆகிறது. ஆனாலும் அவன் சொல்லச் சொல்ல எந்தெந்தப் பொத்தானையோ அமுக்கினேன்.

சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் டிவியில், நடுவே ஒரு சதுரத்தில் மட்டும் விளையாட்டு வந்தது. இரண்டு பக்கமும் கறுப்பு. செங்கல் சுவர்கள், டேங்குகள், கீழே நாம் காப்பாற்ற வேண்டிய பறவை. ஆரம்ப இசை நாலு நொடிதான், அதைக் கேட்டதும் உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆடிப் பார்த்தால் முதல் கட்டத்திலேயே மூன்று முறை செத்தேன். இந்தக் காலத்துப் பெட்டியில் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ஒரு பொத்தானை அமுக்கினால் ஆட்டம் பின்னோக்கி ஓடி, சாவதற்கு முன்னால் இருந்த இடத்தில் நம்மைக் கொண்டுபோய் விட்டுவிடும். பித்தலாட்டம் என்று திட்டிக்கொண்டே அதை ஏழெட்டுத் தடவை அமுக்கினேன்.

அடுத்த ஆட்டத்தில் கை தவறி, இரண்டு பேர் ஆடுவதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். என் மஞ்சள் டேங்குக்கு அந்தப் பக்கம் பச்சை டேங்க் ஒன்று வந்து நின்றது. அதை ஓட்ட ஆள் இல்லை. வந்த குண்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே தன் உயிர்களையெல்லாம் விட்டது. அது என் தங்கையின் டேங்க். அதற்கு மேல் ஆட எனக்கு மனசு வரவில்லை.

தங்கை என்னைவிட நான்கு வயது சின்னவள். பள்ளிக்கூடத்தில் காலாண்டு லீவு விட்டால் தோட்டத்து வீட்டில் போய்த் தங்குவோம். இதே ஆட்டம் இருந்த எங்கள் டிவி கேமையும் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போவோம். வெளியே மழை நாள்கணக்கில் விடாமல் பெய்யும். நான் டேங்கை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுவேன், அவள் பறவையை விட்டு நகர மாட்டாள். நான் சுட்டது அவள்மேல் பட்டால் அவளுடைய டேங்க் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றுவிடும். அதற்காகவே சுடுவேன். "சுடாதண்ணே, பறவ செத்துப்போகும்ண்ணே" என்று கத்துவாள். உண்மையைச் சொன்னால், நாங்கள் தாண்டிய கட்டமெல்லாம் அவளால் தாண்டியவைதான்.

மழைக்காலத்தில் மலையில் நமுத்துப்போகாத பொருள் கிடையாது. தீப்பெட்டி, உப்பு, நோட்டுப் புத்தகம், எதுவானாலும் எங்கள் வீட்டில் ஒரே வைத்தியம்தான். ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும். வெளியே விறகடுப்பு எரியும், அதன் சூடு பெரிய தகரக் குழாய் வழியாக அறைக்குள் ஓடும். குழாய்க்கு மேலே வலைத்தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும், அவற்றில் பச்சைக் காய் பரப்பிக் கிடக்கும். அப்பா தன்னுடைய ரேடியோவையே மேல்தட்டில் ஒரு மூலையில் வைத்துப் பிழைக்கவைத்திருக்கிறார். அதனால் டிவி கேம் ஈரம் குடித்து மக்கர் பண்ணியபோது நான் யோசிக்கவே இல்லை. சாயங்காலம் யாருக்கும் சொல்லாமல் தூக்கிக்கொண்டு போனேன். சீக்கிரம் காயட்டும் என்று கீழ்த்தட்டில், குழாய்க்கு நேர் மேலே வைத்தேன்.

காலையில் பார்த்தால் பெட்டி உருகி வலையோடு ஒட்டிக் கிடந்தது. அந்தத் தட்டிலிருந்த காய் முழுக்கப் பிளாஸ்டிக் நாற்றம். அள்ளிக் கொட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. "யாரு பாத்த வேல இது?" என்று அப்பா சத்தம் போட்டார். "தங்கச்சிதாம்ப்பா" என்று சொல்லிவிட்டேன்.

அவள் முந்தின நாள் தன்னுடைய நனைந்த பாவாடையை அதே ஸ்டோரில் காயப்போட்டிருந்தாள். அதனால் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தனியாக என்னிடம் வந்து, "நானாண்ணே வச்சேன்?" என்று கேட்டாள்.

"ஆமா. பாவாடையோட சேத்துத் தூக்கிட்டுப் போன. மறந்துட்ட" என்றேன். ஏழு வயதுப் பிள்ளை, அண்ணன் சொன்னால் நம்பாமல் என்ன செய்யும்?

அப்பா அவளை அடிக்கவில்லை. ஆனால் அதுவரை, வருடா வருடம் முதல் பறிப்பு வந்ததும் முதல் கைப்பிடிக் காயைத் தட்டில் போடுவது அவள்தான். கைராசிக்காரி என்று அப்பா தூக்கிப் பிடித்துப் போடச் சொல்வார். அடுத்த வருடம் அவள் கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்தபோது, "அண்ணன் போடட்டும்த்தா" என்றார். பிறகு எல்லா வருடமும் நான்தான். வீட்டில் எது பழுதானாலும் "இவ கை பட்டுச்சா?" என்று கேட்பது வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அப்பாவின் கடைசி வருடம், அவர் உடம்பு முடியாமல் இருந்தபோது, முதல் பறிப்புக்குத் தங்கை கல்யாணமாகிப் போன திருப்பூரிலிருந்து வந்திருந்தாள். "நான் போடட்டுமாப்பா?" என்று கேட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் கூடையில் கைவிட்டு அள்ளிப் போட்டேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளைப் போனில் கூப்பிட்டது தனிமை தாங்காமல்தான். அவள் ஒருமுறை வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஆடினால் போதும் என்று இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லாமல் அவளை அந்த விளையாட்டுக்குக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

"என்னண்ணே, இந்நேரத்துல? சாப்டியா?"

"சாப்டேன்த்தா. நம்ம டேங்க் கேம் இருந்துச்சுல்ல, அது இப்ப நம்ம வீட்டு டிவில வருது."

சிரித்தாள். "என்னைய ஏண்ணே கூப்புடுற? நான் தொட்டா இதுவும் உருகிப்போகும். எங்க வீட்ல புது மிக்சி வாங்குனாக்கூட, மொதல்ல அவரத்தான் போடச் சொல்லுவேன்."

"அத நீ வைக்கலத்தா. நாந்தான் வச்சேன். பயந்துபோய் ஒம்மேல சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அவள் நகர்ந்த மாதிரித் தெரியவில்லை.

"நெசமாவா சொல்ற?"

"நெசமாத்தான்."

"நான் தூக்கிட்டுப் போனது எனக்கு ஞாபகம் இருக்கேண்ணே. தட்டுல வச்சது, கதவச் சாத்துனது, எல்லாமே கண்ணுக்குள்ள நிக்கிது."

மன்னித்துவிடு என்றேன். ஒருமுறை போடிக்கு வந்துவிட்டுப் போ, இரண்டு பேரும் ஆடுவோம் என்றேன். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டேன், கூச்சமே இல்லாமல்.

"அப்பாகிட்டச் சொன்னியாண்ணே?" என்று கேட்டாள்.

"இல்ல."

"ஆஸ்பத்திரில நீதான கூடவே இருந்த? அப்பவுமா சொல்லல?"

"சொல்லலத்தா."

அப்புறம், அழாமல், கோபமும் இல்லாமல் சொன்னாள்.

"அப்ப, அவரு என்னைய அப்படியே நெனச்சுக்கிட்டேதான் போயிருக்காரு."